வரி 212

கோபாலபுரத்தில் வரி என்றால்
லாரிக்காரர்களுக்குச் சோதனைச்சாவடிதான் நினைவு வரும்.
எனக்கு அது நிரலில் ஒரு எண்.
மூன்று மாதமாக கம்பைலர் அங்கே
ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது.
எச்சரிக்கைகளைக் காட்டாதே என்று
நான்தான் வாயடைத்து வைத்திருந்தேன்.

ராவுத்தரின் எடைமேடைக்கு நிரல் எழுத வந்த புதிதில்
எல்லாவற்றையும் நகலெடுத்தேன்.
ஒரு லோடின் எடையைப் பார்க்க
அதேபோல் இன்னொரு லோடு அடுக்கி
பார்த்துவிட்டு எரித்தேன்.
ஓடியது. நொண்டிக்கொண்டு ஓடியது.
பிறகு முடிச்சுப்போல் ஒரு சின்னக் குறி கற்றேன், ரெஃபரன்ஸ்.
முன்னால் கான்ஸ்ட் என்று சேர்த்தால்
பார்த்துக்கொள், தொடாதே.
அந்த வாரம் கண்ட இடத்திலெல்லாம் முடிச்சுப் போட்டேன்.

மூவ் எதையும் நகர்த்தாது என்று தெரிய
இன்னும் இரண்டு வாரம்.
அது வெறும் சீட்டு:
எடுத்துப் போகலாம், ஆட்சேபம் இல்லை.
எடுத்துப் போனபிறகும் லாரி நிற்கும்.
கழுவலாம், வேறு சரக்கு ஏற்றலாம்.
உள்ளே என்ன இருக்கிறதென்று மட்டும்
கேட்கக் கூடாது.

நெளி அடைப்பு மூடும் இடத்தில்
கடைசியில் பிறந்தது முதலில் அழியும்.
இதை மட்டும் ஒரே வாசிப்பில் பிடித்துக்கொண்டேன்.
தக்காளிக் கூடைகள் அப்படித்தானே இறங்குகின்றன.

மாசிக் கடைசி, இரவு ஒன்றே முக்கால்.
ஃபோன் கேரளத்துக்கு நல்வரவு சொன்னது,
நாற்காலியை நகர்த்தினால்
தமிழ்நாட்டுக்கு நல்வரவு.
சித்தூர் வரை போன இளநீர் வண்டி
திரும்பி வந்து நின்றது.
திருமூர்த்தி, உடுமலைக்காரர்.
சீட்டை நீட்டினார். வண்டி எண்ணில் பாதி அவருடையது,
பிறகு முன்னால் போன கோழி வண்டியின் இரண்டு இலக்கம்,
ஒரு ஆச்சரியக்குறி,
பிறகு ஒரு எழுத்து.
"இது தமிழுங்களா, மலையாளமுங்களா?"

வரி 212.
ஒரு அறைக்குள் எண்ணை எழுதி
அறையை இடித்துவிட்டு
அதன் முகவரியை வெளியே கொடுத்திருக்கிறேன்.
நல்ல இரவுகளில்
இடிபாட்டுக்குள் எண் அப்படியே கிடந்திருக்கிறது.
நகலுக்குக் கூசியவன் போட்ட முடிச்சு.

அவரிடம் எப்படிச் சொல்வது?
"முகவரி சரிதாங்க, வீடுதான் இல்லை."

"எங்க வீடும் அப்படித்தானுங்க.
நாலுவழிச் சாலைக்கு எடுத்துட்டாங்க.
ரேஷன் கார்டுல இன்னும் அதே கதவு நம்பர்.
தபால்காரர் வந்து
நடுச்சுவர்கிட்ட நின்னு எனக்குப் போன் போடுவாரு."

கையேட்டில் இதற்கு
என்ன நடக்குமென வரையறுக்கப்படாதது என்று பெயர்.
அதை அவரிடம் சொல்லவில்லை.

குறியை அழித்தேன். நகலே போகட்டும்.
கம்பைல் ஆக முப்பத்தெட்டு நொடி.
அதற்குள் அவர் ஒரு இளநீர் சீவி
கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தார்,
அது ஈரமாகுமே என்று பயந்தேன்.
புதுச் சீட்டை விளக்கில் பிடித்து
ஒவ்வொரு இலக்கமாகப் படித்துவிட்டுப் போனார்.

பிறகு வாயடைப்பை எடுத்தேன்.
அறுபத்தொரு எச்சரிக்கை.
முதலாவது, வரி 9:
பெயர் வைத்திருக்கிறாய்,
ஒருமுறைகூட அழைக்கவில்லை.