நாற்பத்தேழு படங்கள், ஒரு பேன்

அன்ஸ்ட் தீவில் காற்று ஓய்வதைப் பார்க்க வேண்டுமானால்
ஜூலையில், விடிகாலை நாலு மணிக்கு வர வேண்டும்.
அதுவும் நிச்சயமில்லை.
ஆறேகாலுக்கு முதல் படகு.
இன்ஜின் அறையில் எனக்கு வேலை.
அதற்குள் ஒரு பூவை முடித்தாக வேண்டும்.

பூ என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள்.
என் சுண்டுவிரல் நகத்தில் மூன்று உட்காரும்.
வெள்ளை இதழ், ஊதாக் கோடு,
தொண்டையில் ஒரு சொட்டு மஞ்சள்.
பக்கத்துப் புல்லின் வேரில் வாய்வைத்துக் குடிக்கும் கள்ளி.
ஐபிரைட் என்பார்கள் இங்கே.
கண்ணுக்கு வெளிச்சம் தருமாம்.
எனக்குத் தந்தது கண்வலி.

மழைக்கோட்டை விரித்துக் குப்புறப் படுத்தேன்.
காற்று வரும் பக்கம் மீன்பெட்டி,
அதன்மேல் ஒரு கல்.
இவ்வளவு கிட்டத்தில் லென்ஸுக்குத் தெரிவது
ஒரு முடியின் தடிமன்தான்.
மகரந்தம் தெளிந்தால் இதழ் கலங்கும்,
இதழ் தெளிந்தால் தண்டு கடல்மூடுபனிக்குள் போய்விடும்.
ஆகவே
திருகை ஒரு கோடு நகர்த்து.
மூச்சைப் பிடி.
அழுத்து.
திருகை ஒரு கோடு நகர்த்து.

முதல் நாள் இருபத்திரண்டாவது படத்தில் காற்று.
இரண்டாம் நாள் ஒன்பதாவதில்
ராஸ்மியின் நாய் வந்து என் காதை நக்கியது.
மூன்றாம் நாள், பதினொரு நிமிடம்,
தீவே யாரோ சொன்னதைக் கேட்டு நின்றதுபோல் நின்றது.
நாற்பத்தேழு.

இரவு, சமையலறை மேசை.
கணினி ஒவ்வொரு படத்திலும் தெளிந்த கீற்றை மட்டும் பொறுக்கி
ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது.
முன்னிதழும் பின்காம்பும் ஒரே நேரத்தில் கூர்மை.
எந்தக் கண்ணும் ஒரே பார்வையில் கண்டிராத பூ.
இலை விளிம்பில் மயிர்கள், ஒவ்வொன்றின் நுனியிலும்
குண்டூசித் தலை மாதிரி ஒட்டும் துளி.
அப்புறம்தான் பார்த்தேன், கீழிதழில்
பதினொரு இலைப்பேன்கள்,
பாதி உடல் ஊடுருவித் தெரிய,
படகுக்குக் காத்திருக்கும் கார்கள்போல வரிசையாக.

பத்தொன்பதாம் படத்தில் ஏறி
இருபத்தொன்பதில் இறங்கியிருக்கிறது,
ஒரே ஒரு பேன்.
"அழித்துவிடேன்," என்றாள் மெரான், தேநீரோடு.
அழிக்கலாம், இரண்டு நிமிட வேலை.
நான் மூச்சைப் பிடித்துக் கிடந்த நேரத்தில்
அது பாட்டுக்கு நடந்திருக்கிறது.
விட்டுவிட்டேன்.

படத்தை லெர்விக்குக்கு, ஓஸ்லா மான்சனுக்கு அனுப்பினேன்.
முப்பது வருடமாக இந்தப் பூக்களோடு மல்லுக்கட்டுபவள்.
ஒன்றோடொன்று கலந்து பிள்ளை பெறும்,
வேலி மதிக்காத குடும்பம் என்பாள்.
பதில் வந்தது:
"மயிர் அருமை. துளி அருமை.
அடியிலிருந்து எண்ணினால்
முதல் பூ எத்தனையாவது கணுவில்?"

படத்தின் கீழ்விளிம்பைப் பார்த்தேன்.
அங்கே தண்டு முடிந்திருந்தது. அதாவது, படம்.
நாற்பத்தேழு முறை உள்ளே போனவன்
ஒருமுறை கீழே போகவில்லை.
கண்ணைப் பார்த்தேன். கணுவைப் பார்க்கவில்லை.

எண்ணுவதற்குக் காற்று ஓய வேண்டியதில்லை.
மறுநாள் வேலை முடிந்து போனேன்.
மீன்பெட்டி இருந்தது, கல் இருந்தது.
ராஸ்மியின் ஆடு ஒன்று
என்னைப் பார்த்தபடியே மென்றுகொண்டிருந்தது.
பெட்டியோரம் ஒரு விரற்கடை தண்டு,
மூன்று கணு.
முழங்காலிட்டு உருப்பெருக்கியில் தேடினேன்.
மூன்றிலும் பூ உதிர்ந்த வடு இல்லை.

ஓஸ்லாவைக் கூப்பிட்டேன்.
"மூன்றுவரை இல்லை. மிச்சம் ஆட்டின் வயிற்றில்."
அவள் சிரிக்கவில்லை. ஏதோ தாளைப் புரட்டும் சத்தம்.
"நல்லது. இரண்டு பெயர் கழிந்தது.
இன்னும் ஐந்து இருக்கிறது."

கோப்பில் இப்படி எழுதி வைத்திருக்கிறேன்:
இடம், அன்ஸ்ட், கிழக்குச் சரளைமேடு.
காற்று, பதினொரு நிமிடம் இல்லை.
பேரினம், யூஃப்ரேசியா.
இனம்,
இலைப்பேன், ஒன்று. பதினொரு முறை.