கடைமடைப் பந்து

பேஸ்லைனுக்குப் பின்னால் எனக்கென்று இருப்பது
நாலே எட்டு.
அப்புறம் முழங்கால் உயரச் சிமெண்டுக் கட்டை,
அதற்கப்புறம் வாய்க்கால்.
திருத்துறைப்பூண்டியில் இந்த மண் கோர்ட்டை அளந்து போட்டவர்
ஆழமாக அடிக்கிற ஆளைப்
பார்த்ததே இல்லை போலிருக்கிறது.

வலைக்கு அந்தப் பக்கம் ஜெசிந்தா.
காலி பெயிண்ட் வாளி நிறையப் பந்து.
ஆஸ்பத்திரியில் நாளைக்கு எண்பது பேருக்கு
ரத்தம் எடுக்கிற கை,
குறி தப்பாது.
எல்லாமே கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே,
கடைமடை வரை வந்து சேருகிற பந்து.

மே முழுக்கப் பின்வாங்கினேன்.
வாய்க்கால் வெடித்துக் கிடந்தது.
ஒரு காலைக் கட்டைக்கு அந்தப் பக்கம்
களிமண்ணில் இறக்கி,
பந்து எழும்பி
களைத்து
இடுப்புக்கு இறங்கும்வரை காத்திருந்து
தூக்கிவிடுவேன்.
அது மிதந்து போய்ப் பாதிக் கோர்ட்டில் விழும்.
ஜெசிந்தா நடந்தே வந்து
அதை முடித்துவிட்டுப் போவாள்.
"வாய்க்காலுக்குள்ள நின்னு டென்னிஸ் ஆடுற ஒரே ஆளு
நீதான்டி."

பகலில் எனக்கு நீர்வளத்துறையில் வேலை.
எந்த மதகு, எத்தனை கன அடி, எந்தத் தேதி.
மேட்டூர் திறந்த மறுநாளே போன் வர ஆரம்பித்துவிடும்.
தண்ணி எங்கம்மா நிக்குது?
வந்துக்கிட்டிருக்குங்க.
நேத்தும் அதான சொன்னீங்க?
பொறுங்க என்று சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாய்.
கால் மட்டும் வேறு எங்கே கற்றிருக்கும்.

ஜூலை மூன்று, காலை ஐந்தே முக்கால்.
வழக்கம்போல் பின்னால் வைத்த கால்
சளக் என்றது.
ராத்திரியே வந்திருக்கிறது.
எனக்கே தகவல் இல்லை.
செம்மண் நிறத்தில், நுரையோடு,
வைக்கோலும் ஒற்றைச் செருப்பும் தள்ளிக்கொண்டு
கட்டையின் அடிவரை.

"இப்ப எங்க போவ?" என்றாள் ஜெசிந்தா.
அடுத்ததை இன்னும் ஆழமாகப் போட்டாள்.

கசிவில் கோடு ஈரம்.
பந்து எழும்பவே இல்லை, வழுக்கி வந்தது.
ராக்கெட்டை முதுகுவரை கொண்டுபோக நேரமில்லை.
முதல் பந்து விளிம்பில் பட்டு வேப்பமரத்துக்கு.
இரண்டு மூன்று வலையில்.
ஒன்று என் கணுக்காலில்.
இன்னொன்று தலைக்கு மேல் போய்த் தண்ணீரில் விழுந்து
கிழக்கே புறப்பட்டது.

எத்தனாவது என்று தெரியவில்லை.
முழங்கால் மடங்கியிருந்தது, அது நினைவிருக்கிறது.
தரையைத் தொட்ட பந்து
தரையை விட்டுப் பிரியும் முன்பே
நரம்புக்கு நடுவில் இருந்தது.
சத்தமே வேறு.
கொட்டாங்கச்சி உடைகிற மாதிரி.
ஜெசிந்தாவின் கால் பக்கத்தில் விழுந்ததை
அவள் எடுக்கவில்லை.
ஒன்றும் சொல்லவுமில்லை.
குனிந்து வாளியிலிருந்து அடுத்ததை எடுத்தாள்.
அதை நான் வலையில் அடித்தேன்.

பத்தரை மணிக்கு ஆபீஸில் போன்.
கோட்டகத்திலிருந்து லஸ்கர் வைரக்கண்ணு.
"தண்ணி வந்துடுச்சும்மா, எழுதிக்கோங்க.
முன்னாடி ஒரு மஞ்ச பந்து வந்து
மதகுல நிக்குது.
யாருதுன்னு தெரியல.
எடுத்து வைக்கவா, விட்டுடவா?"