கனகராயன் ஆற்றில் ஒலிப்பதிவு

மாசி கடைசி. ஆறு மெலிந்து
பாதி மணலுக்குள் ஓடுகிறது.
மருதமர வேரில் ஒலிவாங்கியைக் கட்டிவிட்டு
பேசாமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்குகிறேன்.

பத்து நாளில் பிடித்தவை:
விராலின் தலையை வெற்றிலைபோல் மென்ற நீர்நாய்,
ஐந்தரை மணி நேரம் எதுவுமே செய்யாத முதலை.
யானை வரவில்லை. இலத்தி மட்டும் கிடந்தது,
இளஞ்சூட்டோடு, அதற்குள் முழு விளாங்காய்.
யானை உண்ட விளாங்கனி என்று
பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கியிருக்கிறேன்,
இன்றுதான் உடைத்துப் பார்த்தேன்.
உள்ளே ஒன்றும் இராது என்பது பொய்.
ஒரு வண்டு இருந்தது.

இங்க்ரிட்டுக்கு மனிதச் சத்தம் ஆகாது.
அக்கரையில் உழவு இயந்திரம் மணல் ஏற்றத் தொடங்கினால்
கழுத்தை வெட்டுவதுபோல் கையைக் காட்டுவாள்.
துவைக்க வந்த பெண்கள்
கல்லில் அடிக்காமல் கசக்கிப் பிழிந்துகொண்டு போனார்கள்.
"ஆத்தைப் படம் எடுக்கினமாம்,
அதுக்கு நாங்கள் கதைக்கக் கூடாதாம்"
என்று ஒருத்தி சிரித்தது பதிவாகிவிட்டது.
அழிக்க மனம் வரவில்லை.

நேற்று மீன்கொத்தி.
நீலம் ஒரு கோடாய்ப் போய்
கரைமேட்டுத் துளையொன்றில் செருகிக்கொண்டது.
கிட்டப் போனால் மேடு நேராக வெட்டப்பட்டிருந்தது.
ஆற்றுக்கு நேர்கோடு தெரியாது.
மேலே உக்கிய பனங்குற்றி இரண்டு,
மண் நிரப்பிய உரப்பை, அதில்
யூரியா என்ற சொல்லில் பாதி.

தயாநிதி முக்காலியை இறக்கி வைத்தாள்.
"எல் வடிவம். எட்டுப் பேர் இருக்கலாம்.
மழையெண்டால் நாலு பேர்."
பிறகு லென்ஸைத் துடைத்தாள்,
அது சுத்தமாகத்தான் இருந்தது.

இது என்ன மண் என்று இங்க்ரிட் கேட்டாள்.
களி கலந்த வண்டல் என்றேன்.
அதுவும் உண்மைதான்.

நீளத் தடியில் ஒலிவாங்கியைத் துளைவாய்க்கு நீட்டினேன்.
காதுக்குள் குஞ்சுகள்.
தையல் மெசின் ஓடுவதுபோல் பசி, இடைவிடாமல்.
வெளியே தாய் ஒருமுறை கத்தியது,
மேலே பருந்து.
உள்ளே சட்டென்று எல்லாம் நின்றது.
ஒன்பது வயதில் நானும் அப்படித்தான் நிறுத்துவேன்,
பாதிச் சொல்லில்.

முடிவில், வழக்கம்போல்,
வெறும் சூழல் ஒலி வேண்டும்.
படத்தொகுப்பில் ஓட்டை அடைக்க.
ஒரு நிமிடம், யாரும் அசையக் கூடாது.
இங்க்ரிட் மணிக்கூட்டைப் பார்த்தபடி விரலை மடக்கினாள்.

வான் சாரதி சபாநடேசு
தொப்பியைக் கழற்றினான்.
கைகளை முன்னால் கோர்த்து
தலை குனிந்து நின்றான். தயாநிதியும்.
ஒருவரும் அவர்களிடம் அதைக் கேட்கவில்லை.
நிமிடம் என்றால் உடம்புக்கு
வேறெப்படி நிற்பதென்று தெரியாது.

நாற்பதாவது செக்கனில்
குஞ்சுகள் மறுபடி தொடங்கின.
தூரத்தில் உழவு இயந்திரம்
மணலில் புதைந்து உறுமியது.
இங்க்ரிட் கையை உயர்த்தினாள்.

நான் நிறுத்தவில்லை.