இழுத்துப் பார்

ஏரியிலிருந்து பனி ஏறி வந்து
பள்ளியின் பின்கதவைப் புதைத்துவிடும் ஜனவரியில்.
புதைக்கட்டும்.
பட்டறைக்கு ஒரு ஜன்னல் உண்டு.
அதன் வழியாகத்தான் உள்ளே குதித்தோம் ஏழு பேரும்,
மிச்சிகனின் மேல்நுனியில்,
செம்பு தீர்ந்த பிறகும் தீராத ஓர் ஊரில்.

நான் ரோபோவுக்காகச் சேரவில்லை.
கடைசிப் பேருந்து ஆறே முக்காலுக்கு.
அதுவரை கணகணவென்று இருக்கும் ஒரே அறை அதுதான்.
சும்மா நின்றவள் கையில்
குறடைத் திணித்தான் எல்ரிக்.
அன்றிலிருந்து நான் வயர்க்காரி.

எங்கள் ரோபோவை அழகென்று
அதைப் பெற்றவர்கள்கூடச் சொல்ல மாட்டார்கள்.
இடுப்பைச் சுற்றிச் சிவப்புத் துணி மெத்தை.
அண்ணனின் ஹாக்கிச் சட்டையைக் கிழித்து மார்னி தைத்தது;
பின்பக்கம் பாதி ஒன்பது இன்னும் தெரியும்.
கை ஒன்றே ஒன்று.
வளையத்தைத் தூக்கும். மனசு வந்தால் விடும்.

மிஸ்டர் நியெமிக்கு விதி தெரியும்,
எங்களுக்கும் தெரியும்:
பெரியவர் கை எதிலும் படக்கூடாது.
அதனால் இரண்டையும் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு நிற்பார்.
உள்ளே விரல்கள் திருகிக்கொண்டிருக்கும்,
இல்லாத ஒரு ஸ்க்ரூவை.
தப்பான நட்டை எடுத்தால் ஒருமுறை இருமுவார்.
ரொம்பத் தப்பென்றால் இரண்டு.
டெவோன் ஒருநாள்
தொண்டை மிட்டாய் வாங்கிவந்து கொடுத்தான்.

மார்ச்சில் போட்டி.
பாப்கார்னும் கருகிய மோட்டாரும் கலந்து மணக்கும்
யாரோ ஊரின் கூடைப்பந்து அரங்கு.
முதல் ஆட்டம் ஜெயித்தோம். இரண்டாவதும்.
மூன்றாவதில்
வளையத்தைத் தூக்கிய கை அந்தரத்தில் நின்றது,
கேள்வியைத் தெரிந்தவன் போல எழுந்து
பதிலை மறந்துவிட்ட பையனாட்டம்.

அடுத்த ஆட்டத்துக்கு எட்டு நிமிஷம்.
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு உள்ளே நுழைந்தேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு இணைப்புகள், எல்லாம் நான் நெரித்தவை.
என் கணக்கு: பச்சை டேப், இரண்டு சுற்று, கடித்து அறுத்த முனை.
கழன்று தொங்கியதோ
கறுப்பு டேப், மூன்று சுற்று,
பிறகு பிரிக்கச் சுலபமாக இருக்கட்டுமென்று
நுனியில் மடித்துவிட்ட சின்ன முக்கோணம்.

எங்களில் எவருக்கும் அவ்வளவு பொறுமை கிடையாது.

நிமிர்ந்தேன்.
தடுப்புக்கு அப்பால் மிஸ்டர் நியெமி, பைக்குள் கைகளுடன்.
உடைந்துபோன அவர் கண்ணாடியின் இடது காதில்
கறுப்பு டேப். மூன்று சுற்று.
சின்ன முக்கோணம்.

வியாழன் இரவாக இருக்கும்.
நாங்கள் போன பிறகு
ஒரே ஒரு நிமிஷம் வெளியே எடுத்திருப்பார்.

கோபம் வந்தது, வரவில்லை என்று சொல்ல மாட்டேன்.
பத்து வாரம் இருமி இருமி நிற்கத் தெரிந்த மனுஷனுக்கு
கடைசி நாள் என்ன கேடு?
“என்ன ஆச்சு?” என்றாள் மார்னி.
“வயர்” என்றேன்.
பச்சை டேப், இரண்டு சுற்று.
கறுப்பை உருட்டிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

கை வேலை செய்தது. ஆனாலும் தோற்றோம்;
அது பாட்டரியின் கதை, வேறொரு நாள்.

நாற்பது அணிகளில் பத்தொன்பதாவதாகத் திரும்பும் பஸ்ஸில்
எல்லோரும் தூங்கிய பிறகு
முன் இருக்கையிலிருந்து எழுந்து வந்து
என் பக்கத்தில் உட்கார்ந்தார்.
வெகு நேரம் வெறும் பைன் மரங்கள்.
“இழுத்துப் பார்க்கவில்லை நான்” என்றார்.
எதை என்று நான் கேட்கவில்லை.
“நானும்தான்” என்றேன்.
போட்டிக்கு முன் எல்லா வயரையும்
ஒருதரம் இழுத்துப் பார்ப்பது என் வேலை.
பார்த்தேன். பச்சையை மட்டும்.

திங்கட்கிழமை அட்டையில் எழுதிச் சுவரில் ஆணியடித்தேன்:
யார் மாட்டினாலும் இழுத்துப் பார்.

மிஸ்டர் நியெமி கிட்டே வந்து வாசித்தார்.
இருமினார்.
ஆணியைப் பார்த்தேன், எழுத்தைப் பார்த்தேன்,
தப்பு ஒன்றும் பிடிபடவில்லை.
இன்னொரு முறை இருமினார்.

நிஜமாகவே ஜலதோஷம்.