பிற

மூன்று நாளாகப் பிந்து சாப்பிடவில்லை.
பெட்டிக்குள் விட்ட வெட்டுக்கிளி
அதன் தலைமேல் ஏறி நின்று
மீசையைத் துடைத்துக்கொண்டு
இறங்கிப் போனது.

கீழ்த்தாடையின் இடப்பக்கம் உளுந்தளவு வீக்கம்.
உதட்டோரம் தயிர்க்கட்டி போல ஏதோ.
மல்லாவி ஆசுபத்திரியின் பல் பிரிவில்
பதினொரு வருடமாகத் தட்டு ஏந்தி நிற்கிறவள்,
சீழைத் தயிர் என்று நம்ப என்னால் முடியாது.

வீதி வேலைக்கு வந்து எங்கள் பின்னறையில் இருந்த இந்துனில்
மாற்றலாகிப் போகையில் விட்டுப்போன சிறுத்தைப் பல்லி.
"ஒரு கிழமை, அக்கா" என்றான்.
அது போன ஆவணி.
பெயரும் அவன் வைத்ததுதான்.
இரண்டு மொழியிலும் துளி என்பதால் மாற்றவில்லை.

துணுக்காய் கால்நடைப் பணிமனையில்
றஜிதா பதிவேட்டைத் திருப்பினாள்:
மாடு, எருமை, ஆடு, கோழி, நாய்.
பேனை கொஞ்சநேரம் காற்றில் நின்றது.
பிறகு 'பிற' என்று எழுதினாள்.
பின்னால் கன்றோடு நின்ற மனிசன்
"பல்லிக்குமோ?" என்றார்.
அவருடைய கன்றுக்குக் கால்வாய் நோய்.
அதற்கும் வாய்தான்.

"இதை நான் படத்திலதான் பாத்திருக்கிறன்"
என்றா டொக்டர் சாருமதி, ஒளிக்காமல்.
பேராதனைக்கு யாரோடோ கதைத்தா.
"மருந்து நிறைக்கு ஏத்த மாதிரிக் குடுக்கோணும்.
எத்தினை கிராம்?"
அங்கே இருந்த தராசு ஆட்டுக்கானது.

ஆகவே நகைக்கடை.
கமலேஸ்வரன் பத்தர் கண்ணாடித் தராசில் தாள் விரித்து,
"ஆடாதை" என்று அதற்கும் சொன்னார்.
நாற்பத்தொன்று புள்ளி இரண்டு.
"அஞ்சு பவுனும் சொச்சமும்"
என்று வாய் பழகினபடி சொல்லிவிட்டார்.
வங்கியில் கிடக்கும் என் கொடியும் அவ்வளவுதான்.
நான் சிரித்தேன்.
கொடியைச் செய்தவர் அவர்;
அவர் சிரிக்கவில்லை.

இரவு மழைக்குக் கரண்ட் போயிற்று.
பெட்டிக்கு அடியில் சுடுதண்ணிப் போத்தல்.
யோகதாஸ் போன் வெளிச்சத்தைப் பிடித்தபடி
முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.
பிந்து வாயைத் திறக்கவில்லை.

"வாயைத் திறவுங்கோ."
பகலில் எத்தனை பேருக்குச் சொல்கிறேன்.
செபமாலை ஐயா மட்டும் திறக்கும் முன்
ஒருமுறை கதவைப் பார்ப்பார்.
எக்ஸ்ரேயில் அவர் தாடைக்குள்
அரிசிமணி போல ஒரு வெள்ளை.
பல் அல்ல அது.
"கிடக்கட்டும் பிள்ளை, பனிக்குத்தான் குத்தும்."
அதை விலத்தித்தான் நாங்கள் பல் பிடுங்குகிறோம்.

காத்திருந்தேன்.
இழுத்துத் திறந்தால் தாடை மடங்கிவிடும்.
மூக்கு நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன்.
நக்கியது.
அந்த அரை விநாடிக்குள்
வெறுந்தேத்தண்ணி நிறத்துக்கு ஐதாக்கிய அயடீன்,
பஞ்சுக் குச்சி.
சுரண்டவில்லை, ஒற்றினேன்.
கட்டி பஞ்சோடு வந்தது,
அதன் கீழே ரோசா நிறத்தில் முரசு.
இன்னொரு சொட்டு, இன்னொரு நக்கல்.
ஊசி கழற்றிய இன்சுலின் சிறிஞ்சில் மருந்து.

அப்போது கண்ணை மூடியது.
சுவர்ப் பல்லிக்கு இமை இல்லை.
இதற்கு இருக்கிறது.

கூரைக்குள் எங்கோ ஊர்ப்பல்லி சொல்லியது.
யோகதாஸ் சுவரில் தட்டி "நல்லதுதான்" என்றார்.
எந்தத் திசை என்று நான் பார்க்கவில்லை;
கையில் நாற்பத்தொரு கிராம் இருந்தது.

ஒன்பதாம் நாள் நாற்பதுக்கும் கீழே இறங்கியது.
பத்தர் அந்தத் தடவை பவுனில் சொல்லவில்லை.
வால் மெலிந்து மடிப்பு விழுந்தது.
றஜிதா போன் எடுத்துக் கேட்டாள்:
"உங்கட பிற எப்பிடி?"

பதின்மூன்றாம் நாள் காலை,
வேலைக்குச் சேலை உடுத்தபடியே
குச்சியை நீட்டினேன்.
குச்சியை விட்டுவிட்டு
என் விரலைக் கடித்தது.
தாடை இறுகியது.
விடவில்லை.

உதறவில்லை நான்.
எவ்வளவு வலிக்கிறது என்று
எண்ணிக்கொண்டு நின்றேன்.
சந்தியில் பஸ் ஹோர்ன் அடித்தது,
இரண்டாந்தரமும் அடித்தது.
போகட்டும்.