புள்ளி

முப்பத்தேழாம் தட்டு இன்றும் வெள்ளை.
பதினெட்டு மணி நேரம் காலக்டோஸ் ஊட்டியும்
ஈஸ்ட்டில் ஒரு கொத்துகூட நீலமாகவில்லை.

புரதம் காணாமல் போய்விடவில்லை.
இருக்கிறது. கறுப்புக் கோடாகத் தெரிகிறது.
டி.என்.ஏ.வில் தனக்குரிய பதினேழு எழுத்துகளைத்
தேடிப் பிடித்து
அங்கேயே உட்கார்ந்தும் இருக்கிறது,
அழைப்புமணியில் விரலை வைத்துவிட்டு
அழுத்த மறந்த விருந்தாளி மாதிரி.

மாறியது ஓர் எழுத்து.
டி இருந்த இடத்தில் சி.
எண்ணெய்ப் பிசுக்கு வேண்டிய மூலையில்
தண்ணீரோடு குலாவும் ஒன்று வந்து குந்திவிட்டது.
மரபணுவைப் படியெடுக்க வரும் கூட்டம்
ஒட்டப் பிடியில்லாமல்
கடந்துபோகிறது.

ரேகுலாவுக்கு இதைச் சொல்ல
வெண்பலகையில் ‘க’ எழுதினேன்.
தலைமேல் ஒரு புள்ளி வைத்தேன்.
இது உயிர் போன எழுத்து, உடம்பு அப்படியே இருக்கும்,
எங்கள் இலக்கணம் இதை மெய் என்கிறது, என்றேன்.
மெய்க்கு உண்மை என்றும் பொருள் என்றதும்
காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.
“அப்படியானால் உயிர் பொய்யா?”
ஜெல் ஓடி முடிந்திருந்தது.
எழுந்து போனேன்.

திங்கள், விடியலுக்கு வெகுமுன்.
நாலு மணி மாதிரியை எடுக்க வந்தவள்
பாசலில் அது எந்த நாலு மணி என்பதை மறந்திருந்தேன்.
ரைன் பாலத்தில் கால் வைக்க இடமில்லை.
ஆய்வகத்துக்கு மூச்சிரைக்க ஏறிச் சேரவும்
கோயில் மணி நாலடித்தது.
ஊர் முழுக்க விளக்கு அணைந்தது,
ஒரே சொடக்கில்.
அடுத்த கணம் குழல்கள், முரசுகள்,
முகமூடிகளின் தலையில் அசைந்து வரும்
வண்ண லாந்தர்கள்.
இருட்டுதான் இங்கே காலக்டோஸ்.

ஜன்னலுக்குக் கீழே, தெருமுனையில்
ஒரே ஒரு விளக்கு அணையவில்லை.
யாரோ அதைத் திட்டினார்கள்.
முரசுக்காரர் ஒருவர் முகமூடியைத் தூக்கி
அண்ணாந்து பார்த்தார்.

எங்கள் நாற்பத்தொன்று அந்த ரகம்.
காவலிருக்கும் புரதத்தின் பிடி அதன்மேல் விழாது.
காலக்டோஸே இல்லாத தட்டிலும்
நீலம், நீலம், விடாத நீலம்.
கொத்துகள் மட்டும் சின்னவை.
யாரும் கேட்காத நொதியை
இராப்பகலாய்ச் செய்து செய்து
வளர நேரமில்லை.

குழாய்களைப் பனிக்கட்டியில் செருகினேன்.
குளிரில் விரல் சொன்னபடி கேட்கவில்லை.
நேரம் 4.06, ஆறு நிமிடம் தாமதம், காரணம் இருட்டு
என்று குறிப்பேட்டில் எழுதி
கடைசியில் வைக்கவேண்டிய புள்ளியை
கொஞ்சம் யோசித்து
வைக்காமல் விட்டேன்