பனியே, நீ போகாதே

பிரஷன் மூட்லிக்குத் தமிழ் தெரியாது,
பாட்டு தெரியும்.
சாட்ஸ்வொர்த் டாக்ஸியில்
'பனியே, நீ போகாதே' என்று ஒருத்தி உருகுகிறாள்.
இவன் செல்போனில் அதற்குப் படம் ஒட்டுகிறான்:
நடுவில் குடைந்த அரை ரொட்டி,
உள்ளே தளும்பும் ஆட்டுக்கறிக் குழம்பு.
டர்பன் வாயில் அதன் பெயர் பன்னி.
'நீ' அவனுக்கு முழங்கால்.
'போகாதே', யாரோ ஏழைக் காவலாளியின் தினம்.
எழுபதாயிரம் பேர் சிரித்தாயிற்று.

திருத்தப் போனேன்.
பனியென்றால் மார்கழிக் காலையில்...
"டிசம்பரிலா? இங்கே ஃபேனே போதவில்லை."
பிரிவுடா. விடிந்தால் அவன் கிளம்பிவிடுவான்,
அதற்கு அழுகிறாள்.
"கடை மூடும்போது நானும்தான்."

எனக்கென்ன தகுதி?
வந்திறங்கிய அன்று
பன்னி சாப்பிடுகிறாயா என்று கேட்டவனிடம்
முகம் சுளித்து
எங்கள் வீட்டில் அதைத் தொடுவதில்லை என்றேன்.
அதையும் படமாக்கிவிட்டான்.

நேற்று
வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மாள்
கடைசி ரொட்டியை வாங்கிக்கொண்டு நடந்தாள்.
காகிதத்தில் சுற்றிய ஆவி
கதவைத் தாண்டியது.

பாட்டின் அந்த இடம்
முழங்காலோடு, காவலாளியோடு
சுருதி பிசகாமல்
என் வாயில் வந்தது.